ஓவியர் அடித்த கம்பி, எழுத்தாளர் கோத்த மாலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓவியம், சிற்பம், எழுத்து ஆகியவற்றில் பேர் வாங்கியவர்கள் நகையிலும் கை வைத்திருக்கிறார்கள். அவர்கள் செய்தது என்ன, அதை யார் செய்து முடித்தார்கள், எது அணியத் தக்கதாக வந்தது, எது வரவில்லை, அப்படிச் செய்து பார்க்க விரும்புகிறவர் எதில் கவனமாக இருக்க வேண்டும் என்பது பற்றி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள்.

நகை செய்த கலைஞர்கள் யார் யார்? எங்கிருந்து தொடங்கலாம்?

பெயர்ப் பட்டியல் நீளம். அதை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு நகையையும் பார்த்து "இதில் யாருடைய கை பட்டிருக்கிறது?" என்று கேட்டுப் பழகுவது நல்லது. சிலர் கம்பியையும் சுத்தியலையும் தாங்களே எடுத்தார்கள். சிற்பி அலெக்சாண்டர் கால்டர், எழுத்தாளர் எல்சா த்ரியோலே, சிற்பி ஹாரி பெர்டோயா இந்த வகை. சிலர் தாளில் வரைந்து கொடுக்க, தேர்ந்த பொற்கொல்லர் செய்து முடித்தார். ஓவியர்கள் சால்வடார் டாலி, ஜார்ஜ் பிராக், அல்ஃபோன்ஸ் முகா, எழுத்தாளர் ழான் கொக்தோ இதில் வருவார்கள். இன்னும் சிலர் ஏற்கெனவே செய்த சிற்பத்தையோ ஓவியத்தையோ சிறிதாக்கி, எண்ணிட்ட பதிப்பாக வெளியிட அனுமதி தந்தார்கள்.

மூன்றிலும் நல்ல நகை உண்டு. ஆனால் மூன்றாவது வகையில்தான் ஏமாற்றம் அதிகம். சுவரில் மாட்டிய படத்தைச் சுருக்கிக் கழுத்தில் தொங்கவிட்டால் அது நகையாகிவிடாது. உடம்பு அசையும், துணி தொங்கும், காது வலிக்கும். இதையெல்லாம் முதலிலேயே நினைத்துச் செய்தவர்களின் நகைதான் இன்றும் உயிரோடு இருக்கிறது.

ஓவியர் நகை செய்வது 20ஆம் நூற்றாண்டுப் புதுமைதானே?

இல்லை, மிகப் பழைய வழக்கம். ஃபிளாரன்ஸ் நகரில் கிபெர்ட்டியும் புரூனெல்லெஸ்கியும் பொற்கொல்லர்களாகப் பயின்ற பிறகே சிற்பத்துக்கும் கட்டடத்துக்கும் போனார்கள். நியூரம்பெர்க்கில் ஓவியர் டியூரரின் தந்தை பொற்கொல்லர், மகனுக்கு முதல் பட்டறை அதுதான். செம்புத் தகட்டில் டியூரர் செதுக்கிய கோடுகளின் துல்லியம் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை. உலோகத்தில் உளி ஓட்டும் பழக்கம் அந்தப் பட்டறையில் விழுந்தது.

இளைய ஹான்ஸ் ஹோல்பைன் இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி அவையில் உருவப்படம் வரைந்தவர் என்பது பலருக்குத் தெரியும். பதக்கங்கள், முதலெழுத்துப் பின்னல்கள், முத்து தொங்கும் அணிகள் என நூற்றுக்கும் மேற்பட்ட நகை வரைபடங்களையும் அவர் விட்டுச் சென்றார். அவை லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. வரைபடம் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு, கல் எங்கே, எனாமல் என்னும் வண்ணக் கண்ணாடிப் பூச்சு எங்கே, முத்து எங்கே தொங்கும் என்பது வரை அதில் இருக்கும். பட்டறையில் அப்படியே வைத்து வேலை செய்யலாம்.

எழுத்தாளர், பொற்கொல்லர் இரண்டும் ஒருவரே என்றால் பென்வெனுட்டோ செல்லினி (1500–1571). தன்வரலாறு எழுதியவர். பொன்வேலை பற்றிய அவருடைய நூல் 1568இல் ஃபிளாரன்ஸில் அச்சானது. கல்லுக்கு அடியில் வைக்கும் தகடு, எனாமல், தகடு தட்டி உருவம் எழுப்புதல் எல்லாவற்றையும் செய்தவர் கையால் எழுதிய நூல் என்பதால் இன்றும் படிக்கத் தகும்.

எழுத்தாளர்களில் நகை செய்து பிழைத்தவர் யாராவது உண்டா?

உண்டு, எல்சா த்ரியோலே. மாஸ்கோவில் 1896இல் பிறந்து பாரிசில் குடியேறியவர். 1929 முதல் 1932 வரை பாரிசின் பெரிய ஆடை நிறுவனங்களுக்கு மாலைகள் செய்து கொடுத்தார். காரணம் எளிமையானது: வீட்டில் காசில்லை. அவர் இரவில் கோப்பார். கவிஞரான துணைவர் லூயி அரகோன் மாதிரிகளைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு வாங்குகிறவர்களிடம் போவார். பின்னாளில் பிரான்சின் கொன்கூர் இலக்கியப் பரிசு பெற்ற முதல் பெண் எல்சாதான். 1944ஆம் ஆண்டுக்கான அந்தப் பரிசு 1945இல் அறிவிக்கப்பட்டது.

அவர் தங்கத்தைத் தொடவில்லை, தொடவும் வசதியில்லை. மலிவான பொருள்களைப் பிடித்தார். ஆடை வடிவமைப்பாளர் எல்சா ஸ்கியாபரெல்லிக்காக அவர் செய்த மாலை ஒன்றில், ஆஸ்பிரின் மாத்திரை போலவே தோன்றும் வெள்ளைப் பீங்கான் மணிகள் வரிசையாக இருக்கும். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. தட்டையான வட்ட மணியில் இப்படி மாலை கோக்க முயல்கிறவர்களுக்கு ஒன்று: துளை பக்கவாட்டில் போனால் மணிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். மணிக்கு மணி ஒரு முடிச்சோ சிறு இடைமணியோ வைத்தால் தட்டையாகப் படியும். பீங்கானின் துளை விளிம்பு நூலை அறுத்துவிடும், ஆகவே துளை வாயை வைர அரத்தால் லேசாக மழுக்கிவிட்டுக் கோக்க வேண்டும்.

அவர் செய்தவற்றில் எஞ்சியவற்றை அரகோன் பிரான்சின் செந்த்-எத்தியேன்-து-ரூவ்ரே நகருக்குக் கொடுத்தார்.

மூன்று வளையம் பின்னிய கார்ட்டியே மோதிரத்தை ழான் கொக்தோ வடிவமைத்தாரா?

பரவலாக அப்படிச் சொல்லப்படுகிறது. அந்த மோதிரம் 1924இல் கார்ட்டியே நிறுவனம் கொண்டுவந்தது. கொக்தோ அதில் இரண்டைச் சுண்டு விரலில் சேர்த்து அணிந்தார், அதனால் மோதிரத்தோடு அவர் பெயரும் ஒட்டிக்கொண்டது. அவர் உண்மையில் வடிவமைத்தவை வேறு. ஸ்கியாபரெல்லிக்காக 1937இல் வரைந்த கண் வடிவப் புரோச்சில் (ஊசியால் துணியில் குத்தும் அணி) ஒரு முத்து கண்ணீராகத் தொங்கும். பிரெஞ்சு அகாதெமிக்குத் தேர்வானபோது 1955இல் உறுப்பினருக்குரிய தன் வாளைத் தானே வரைந்தார், கார்ட்டியே அதைச் செய்தது. வாளின் கைக்காப்பில் கிரேக்கப் புராணப் பாடகன் ஓர்ஃபியசின் பக்கவாட்டு முகம். உறையில் அவர் குடியிருந்த பாலே ரொயால் தோட்டத்தின் கம்பி வேலி. பதித்த மரகதம் கோகோ ஷனேல் கொடுத்தது.

வரிக்கோட்டில் வரையும் கலைஞருக்கு நகை எளிதாகக் கைவரும் என்பதற்குக் கொக்தோ நல்ல சான்று. தாளில் ஒரே கோடு, உலோகத்தில் ஒரே கம்பி.

கால்டரை எல்லோரும் ஏன் முதலில் சொல்கிறார்கள்?

அவர் (1898–1976) தன் கையாலேயே செய்தார், அதுவும் சுமார் 1,800 நகைகள். எட்டு வயதில் அக்காவின் பொம்மைகளுக்கு, தெருவில் கிடந்த செம்புக் கம்பித் துண்டுகளால் நகை செய்தவர் அவர். இயந்திரப் பொறியியல் படித்து 1919இல் பட்டம் பெற்றார். அப்பாவும் தாத்தாவும் சிற்பிகள். காற்றில் அசையும் மொபைல் சிற்பத்துக்கும் காதணிக்கும் அவர் ஒரே இடுக்கியைத்தான் பயன்படுத்தினார்.

கவனிக்க வேண்டியது இணைப்பு. பொதுவாக நகையில் துண்டுகளைப் பொடி வைத்து ஊதி ஒட்டுவார்கள். கால்டர் பெரும்பாலும் நெருப்பால் ஒட்டவே இல்லை. கம்பியைச் சுருட்டினார், வளைத்துக் கொக்கியாக்கினார், துளையிட்டு, அதில் கம்பியை விட்டு இரு முனையையும் தட்டி மழுக்கும் ரிவெட் அடித்தார், மெல்லிய கம்பியால் கட்டினார். பித்தளையும் வெள்ளியும் அதிகம், தங்கம் குறைவு. சுத்தியல் தழும்பை மெருகேற்றி மறைக்கவில்லை. ஒட்டு இல்லாததால் கண்ணி ஒவ்வொன்றும் தளர்வாக இருந்து, அணிகிறவர் நடக்கும்போது தானாக ஆடும். அவருடைய அழகின் ரகசியம் அந்தத் தளர்வுதான்.

லூயிசா ஜேம்ஸை 1931இல் மணந்தபோது அவருக்காகத் தங்கத்தில் ஒரு மோதிரம் செய்திருந்தார். விரலைச் சுற்றி ஒரு திருகுச் சுருள், மேலே ஒரு தட்டைச் சுருள். அதைத் திருமண மோதிரமாகவே வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். லூயிசா அதை நிச்சய மோதிரமாக மட்டும் ஏற்றார், திருமணத்துக்கு வேறொரு மோதிரம் இரண்டு டாலருக்கு வாங்க வேண்டியதாயிற்று.

நகைகள் மட்டும் கொண்ட அவருடைய கண்காட்சி 1940 டிசம்பரில் நியூயார்க்கின் வில்லர்டு காலரியில் நடந்தது. இரண்டு ஆண்டு கழித்து, 1942 அக்டோபரில், கலைப்பொருள் சேகரிப்பாளர் பெகி குக்கன்ஹைம் தன் நியூயார்க் காலரித் திறப்பு விழாவுக்கு ஒரு காதில் கால்டரின் கம்பித் தொங்கலும் மறு காதில் ஓவியர் ஈவ் தாங்கி வரைந்த குட்டி நிலக்காட்சியும் அணிந்து வந்தார். அருவக் கலைக்கும், கனவையும் ஆழ்மனத்தையும் வரையும் சர்ரியலிசத்துக்கும் நடுவே தான் எந்தப் பக்கமும் சாயவில்லை என்று காட்ட.

கால்டர் வகைச் சுருள் பதக்கம் செய்து பார்க்க முடியுமா?

முடியும். முதல் வேலைக்கு 2 மி.மீ. வட்டப் பித்தளைக் கம்பி எடுங்கள். நீளத்தைக் கணக்குப் போட்டே வெட்ட வேண்டும், குத்துமதிப்பு வேண்டாம். சுருளின் வெளி விட்டம் 40 மி.மீ., உள் விட்டம் 5 மி.மீ., சுற்று 5 என்றால், சராசரி விட்டம் 22.5. அதை 3.14 ஆலும் 5 ஆலும் பெருக்கினால் ஏறக்குறைய 353 மி.மீ. தொங்கவிடும் வளையத்துக்கும் சேர்த்து 40 செ.மீ. வெட்டுங்கள்.

கம்பியை முதலில் காய்ச்சி இளக்க வேண்டும். அறை விளக்கைக் குறைத்துவிட்டு, மங்கலான சிவப்பு தெரியும்வரை சூடேற்றினால் போதும். பளிச்சென்று ஆரஞ்சு நிறம் வந்துவிட்டால் பித்தளை கெட்டுவிட்டது: உள்ளே உலோகத்தின் படிக மணிகள் பெருத்து, வளைக்கும்போது தோல் ஆரஞ்சுப் பழம் போலச் சொரசொரப்பாகும். சிவப்பு மறைந்த பிறகே நீரில் போடுங்கள். செஞ்சூட்டில் போட்டால் சில பித்தளைகள் விரிசல் விடும். செம்புக்கு இந்தப் பயம் இல்லை.

உருண்டை மூக்குக் குறட்டால் நடுவில் சிறு வளையம் போடுங்கள். பிறகு அந்த வளையத்தைத் தட்டை மூக்குக் குறட்டில் படுக்க வைத்துப் பிடித்து, மறு கைக் கட்டைவிரலால் கம்பியைத் தள்ளிக்கொண்டே கால் சுற்றுக்கு ஒருமுறை பிடியை மாற்றுங்கள். சுற்றுக்குச் சுற்று 1.5 மி.மீ. இடைவெளி விடுங்கள், தட்டும்போது கம்பி அகலமாகி அதில் பாதி அடைந்துவிடும்.

அடுத்து எஃகுப் பட்டடை, மெருகிட்ட முகமுள்ள சுத்தியல். மெல்லிய அடி, ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறும்படி, நடுவிலிருந்து வெளியே போக வேண்டும். 2 மி.மீ. கம்பி சுமார் 1.3 மி.மீ. கனத்துக்கு வந்தால் நிறுத்துங்கள். தவறுவது எங்கே என்றால்: சுத்தியல் சாய்ந்தால் பிறை வடிவப் பள்ளம் விழும், அது அரத்துக்கும் போகாது. வெளி விளிம்பிலேயே அடி விழுந்தால் அந்தப் பக்கம் நீண்டு சுருள் உள்நோக்கி இறுகும், உள் விளிம்பில் விழுந்தால் திறந்துகொள்ளும். ஒரே மூச்சில் மெலிதாக்கினால் விளிம்பில் மயிரிழை விரிசல் வரும். அடிக்குச் சத்தம் கூர்மையாகி, சுத்தியல் துள்ளத் தொடங்கினால் உலோகம் இறுகிவிட்டது, மறுபடி காய்ச்சுங்கள். கடைசிச் சுற்று அடித்த பின் மட்டும் காய்ச்சாதீர்கள். அந்த இறுக்கம்தான் சுருளைத் தன் வடிவில் நிறுத்தும்.

இரண்டு சுருளை ஆடும்படி இணைக்க ரிவெட் போதும். 1.5 மி.மீ. துளைக்கு 1.5 மி.மீ. கம்பி, இரு பக்கமும் 0.75 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். துண்டுகளுக்கு நடுவே ஒரு தடித்த தாள் வைத்து ரிவெட் தலையைத் தட்டுங்கள், பிறகு தாளைக் கிழித்து எடுங்கள். தாள் வைக்காவிட்டால் இணைப்பு இறுகி, ஆடாது. இதைக் கற்றுக்கொண்டால் பாதிக் கால்டர் கையில் வந்த மாதிரி.

எடையையும் முன்கூட்டியே பாருங்கள். மேலே சொன்ன 40 செ.மீ. கம்பி பித்தளையில் சுமார் 10.7 கிராம். அதே சுருள் 925 வெள்ளியில் 13 கிராம், 18 காரட் தங்கத்தில் 19.5 கிராம். பதக்கத்துக்குப் பரவாயில்லை, காதணிக்கு அதிகம். காதணி என்றால் கம்பியை 1.5 மி.மீ. ஆக்குங்கள், பித்தளையில் 6 கிராமுக்கு இறங்கும். காது மடலைத் துளைத்துப் போகும் கம்பி மட்டும் வெள்ளி, தங்கம் அல்லது டைட்டேனியமாக இருக்கட்டும். பித்தளை வியர்வையோடு சேர்ந்து தோலைப் பச்சையாக்கும்.

ஓவியர்கள் வரைந்த நகையை அணிவது ஏன் சிரமம்?

தாளுக்கு முதுகு கிடையாது, நகைக்கு உண்டு. வரைபடத்தில் மறந்துபோவது பெரும்பாலும் பின்பக்கம்: ஊசி, கீல், கொக்கி.

புரோச்சை எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி நடுவில் இருந்தால் மேல்பாதி முன்னே கவிழும். ஊசி மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் இருக்க வேண்டும். பின்பக்கமிருந்து பார்த்தால் கீல் வலப்புறம், கொக்கி இடப்புறம், கொக்கியின் வாய் கீழ்நோக்கி. வாய் மேல்நோக்கி இருந்தால் கொக்கி தளரும்போது ஊசி கழன்று நகை விழும், கீழ்நோக்கி இருந்தால் நகையின் எடையே ஊசியைக் கொக்கிக்குள் அழுத்தி வைக்கும்.

இந்தச் சிக்கலை அழகாகத் தீர்த்த நகை ஒன்று உண்டு. முகா 1898இல் மெதேயா நாடகத்துக்காக வரைந்த சுவரொட்டியில் சாரா பெர்னாரின் கையில் பாம்பு சுற்றியிருக்கும். நடிகை அதை மெய்யான நகையாகவே கேட்டார். பாரிசின் ஜார்ஜ் ஃபூக்கே பட்டறை 1899இல் அதைத் தங்கம், எனாமல், ஓப்பல், மாணிக்கம், வைரம் கொண்டு செய்தது. வரைந்த பாம்பு மணிக்கட்டைச் சுற்றி அசையாமல் இருக்கலாம். உலோகப் பாம்பு அப்படி இருந்தால் கை மடங்காது. ஆகவே கைவளையில் கீல், விரலில் தனியாக ஒரு பாம்பு மோதிரம், நடுவே சங்கிலி. சங்கிலி வந்ததால் மணிக்கட்டு தடையின்றி அசைந்தது. அந்த நகை இப்போது ஜப்பானின் சகாயில் உள்ள முகா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

டாலி தன் கையால் நகை செய்தாரா?

இல்லை, செய்ததாக அவர் காட்டிக்கொள்ளவும் இல்லை. 1941 முதல் 1970 வரை அவர் வரைந்தவற்றின் பெரும்பகுதியை நியூயார்க்கில் அர்ஜென்டினா வெள்ளிக் கலைஞர் கார்லோஸ் அலெமானி செய்தார். வடிவம், கல், நிறம் எல்லாவற்றையும் டாலி வரைபடத்திலேயே குறித்துத் தந்தார். அலெமானியின் பெயரை விட்டுவிட்டு "டாலியின் நகை" என்று மட்டும் சொல்வது நியாயமில்லை. 1949இல் வந்த காலத்தின் கண் என்ற புரோச்சின் விழிக்குள் ஓடும் கடிகாரத்தை அடக்கி, கண்ணீர்த் துளியாக வைரத்தைத் தொங்கவிட்டு, அத்தனையையும் ஊசியில் நிற்க வைத்தது பொற்கொல்லரின் கை.

1953இல் முடிந்த அரச இதயம் என்ற நகையில் 46 மாணிக்கம், 42 வைரம், 4 மரகதம். மாணிக்கங்கள் நிறைந்த நடுப்பகுதி உள்ளே இருக்கும் இயந்திரத்தால் நிஜமாகவே துடிக்கும். பதித்த கற்களுக்கு அதிர்வு எதிரி. அசையும் பகுதியில் கல்லைப் பிடிக்கும் பற்கள் நாளடைவில் தளரும், அதனால் இத்தகைய நகையை உருப்பெருக்கியில் வைத்து அவ்வப்போது பற்களைச் சரிபார்க்க வேண்டும். டாலியின் 39 நகைகள் ஸ்பெயினின் ஃபிகெரஸில், அவருடைய அருங்காட்சியகத்தோடு சேர்ந்த தனிக் கூடத்தில், 2001 முதல் வைக்கப்பட்டுள்ளன.

பிக்காசோ நகையை வார்க்கப் பல் மருத்துவரிடம் போனாராமே?

போனார். தென் பிரான்சின் வல்லோரிஸில் மண்பாண்ட வேலை செய்த ஆண்டுகளில், சிறு பதக்கங்களை அங்கிருந்த பல் மருத்துவர் ஒருவரின் உதவியோடு வார்த்தார். கேட்க வேடிக்கையாக இருந்தாலும் காரணம் திடமானது. மெழுகு உருவத்தைச் சுற்றி ஜிப்சக் குழம்பு ஊற்றி, மெழுகை எரித்து, அந்த வெற்றிடத்தில் உருகிய தங்கத்தை அழுத்திச் செலுத்தும் முறையை இக்காலத்துக்குக் கொண்டுவந்தது பல் மருத்துவம்தான். அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லியம் டாகர்ட் 1907இல் அதை அறிமுகப்படுத்தினார், நகைப் பட்டறைகள் பின்னால் எடுத்துக்கொண்டன.

மெழுகில் செதுக்கி வார்க்க நினைக்கும் சிற்பிகள் முதலில் தராசை எடுக்க வேண்டும். மெழுகின் எடையை 10.5 ஆல் பெருக்கினால் 925 வெள்ளியின் எடை, 15.5 ஆல் பெருக்கினால் 18 காரட் தங்கத்தின் எடை ஏறக்குறையக் கிடைக்கும். 2 கிராம் மெழுகு மோதிரம் தங்கத்தில் 31 கிராம்! அணிய முடியாது. பின்பக்கத்தைக் குடைந்து 1 மி.மீ. சுவராக்குங்கள். 0.8க்குக் கீழே போனால் உலோகம் ஓடி முடிவதற்குள் உறைந்து, ஓட்டை விழும். உலோகம் நுழையும் தண்டு உருவத்தின் தடித்த பகுதியில் சேர வேண்டும். மெல்லிய பகுதியில் சேர்த்தால் அது முதலில் உறைந்து வழியை அடைத்துவிடும், தடித்த பகுதி சுருங்கும்போது உள்ளே குழி விழும். ஜிப்ச அச்சை 700 முதல் 730 டிகிரி செல்சியஸ் வரை பல மணி நேரம் நிதானமாகக் காய்ச்ச வேண்டும். 750ஐத் தாண்டினால் ஜிப்சம் சிதைந்து கந்தக வாயு வரும், வெள்ளி கறுத்துப் புள்ளி புள்ளியாக வெளிவரும்.

30 செ.மீ. சிற்பத்தைப் பத்தில் ஒரு பங்காக்கிப் பதக்கம் செய்யச் சொல்பவர்களுக்கும் இதுதான் பதில். 5 மி.மீ. சுவர் அரை மி.மீ. ஆகிவிடும். உருவத்தைச் சுருக்கலாம், கனத்தைச் சுருக்க முடியாது. அந்த அளவுக்கென்று மறுபடி செதுக்க வேண்டும்.

பிக்காசோவின் வெள்ளித் தட்டுகளும் தங்கப் பதக்கங்களும் வேறு வழியில் வந்தவை. எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸில் பொற்கொல்லர் ஃபிரான்சுவா ஹியூகோ, எழுத்தாளர் விக்தோர் ஹியூகோவின் கொள்ளுப் பேரன், உலோக அச்சின்மேல் தகட்டை வைத்துத் தட்டி உருவம் எழுப்பினார். மாக்ஸ் ஏர்ன்ஸ்ட், ழான் ஆர்ப், தெரேன், கொக்தோ ஆகியோருக்கும் அவர் செய்து தந்தார். தட்டிய தகடு உள்ளீடற்றது, ஆகவே பெரிதாக இருந்தும் எடை குறைவு. கையில் எடுத்த உடனே வார்ப்புக்கும் தகட்டுக்கும் வித்தியாசம் தெரியும்.

பிராக் எப்போது நகை பக்கம் வந்தார்?

கடைசிக் காலத்தில். 80ஐ நெருங்கும் வயதில், கல் செதுக்குவதில் தேர்ந்த ஹெகர் த லோவன்ஃபெல்டோடு சேர்ந்தார். பிராக் கிரேக்கப் புராண உருவங்களையும் பறவைகளையும் வண்ணத்தில் தீட்ட, லோவன்ஃபெல்டு பொன்னிலும் கல்லிலும் ஆக்கினார். 1963இல் பாரிசின் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் அவை காட்சிக்கு வந்தன, அதே ஆண்டு ஆகஸ்டில் பிராக் காலமானார். பிராக் காலமெல்லாம் வரைந்த பறவையின் புற எல்லைக்கோடு புரோச்சுக்குப் பொருந்தியதுபோல் வேறெந்த ஓவியரின் வடிவமும் பொருந்தவில்லை: கூர்முனை துணியில் சிக்காது, எடை நடுவில் நிற்கும்.

ரோமம் போர்த்திய கைவளை என்கிறார்களே, அது என்ன?

சர்ரியலிசக் கலைஞர் மெரெட் ஓப்பன்ஹைம் 1936இல் ஸ்கியாபரெல்லிக்காகச் செய்தது. உலோக வளையத்தின்மேல் விலங்கு ரோமம். அதை அணிந்து பாரிசின் கஃபே த ஃபுளோரில் உட்கார்ந்திருந்தபோது, பிக்காசோவும் ஒளிப்படக் கலைஞர் டோரா மாரும் எதையும் ரோமத்தால் போர்த்தலாமே என்று பேச, அந்தப் பேச்சிலிருந்து பிறந்தது அவருடைய புகழ்பெற்ற ரோமத் தேநீர்க் கோப்பை. சிற்பம் நகையாவதே வழக்கம், இங்கே நகையிலிருந்து சிற்பம் வந்தது. சிற்பி ஜாகொமெட்டியும் இதே ஸ்கியாபரெல்லிக்குப் பொத்தான்களும் புரோச்சுகளும் செய்தார்.

எண்ணிட்ட பதிப்பு என்றால் என்ன? 3/8 என்று பொறித்திருப்பதன் பொருள்?

எட்டில் மூன்றாவது பிரதி என்று பொருள். சிற்ப வார்ப்பில் பிரெஞ்சு மரபு 8 பிரதி, அதோடு கலைஞர் பிரதி 4. நகையில் எண்ணிக்கை கூடலாம். மிலானில் ஜான்கார்லோ மோன்டெபெல்லோ 1967இல் தொடங்கிய பட்டறையிலிருந்து வந்த லூச்சோ ஃபொன்டானாவின் நீள்வட்டக் கைவளை 150 பிரதி, ஓவியரும் ஒளிப்படக் கலைஞருமான மான் ரேயின் ஓப்டிக்-டாப்பிக் முகமூடி (1974) 100 பிரதி. ஃபொன்டானா ஓவியத் துணியைக் கீறியவர். கைவளைத் தகட்டிலும் அதே கீறலை வைத்தார். மான் ரேயின் நீண்ட சுருள் காதணி, 1919இல் அவர் தொங்கவிட்ட, விளக்கு மறைப்பைப் பிரித்தது போன்ற சுருளின் பேத்தி. நடிகை காத்ரின் தெனூவ் அதை அணிந்த படத்தை 1968இல் மான் ரேயே எடுத்தார்.

அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் பின்பக்கம். பிரெஞ்சு வேலையில் சாய்சதுரத்துக்குள் பொற்கொல்லரின் எழுத்தும் குறியும் இருக்கும், 18 காரட் தங்கத்துக்குக் கழுகுத் தலை, வெள்ளிக்கு மினெர்வா தலை. 750, 925 என்ற எண் உலோகத்தின் மாற்றை மட்டும் சொல்லும், கலைஞரைப் பற்றி எதுவும் சொல்லாது. கலைஞரின் கையெழுத்து, பொற்கொல்லர் முத்திரை, பதிப்பு எண் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். எழுத்தின் விளிம்பு கூர்மையாக இல்லாமல் வழவழவென்று உருகியதுபோல் இருந்தால், அசலிலிருந்து ரப்பர் அச்சு எடுத்து வார்த்த நகலாக இருக்கலாம். நகல் அசலைவிடச் சில சதவீதம் சிறிதாகவும் இருக்கும், ஏனெனில் ரப்பர், மெழுகு, உலோகம் எல்லாம் சுருங்கும். வெர்னியர் காலிப்பரால் அளந்து, வெளியான அளவோடு ஒப்பிடுங்கள்.

கால்டர் நகையில் கையெழுத்து பெரும்பாலும் கிடையாது. கால்டர் அறக்கட்டளையின் பதிவு எண்ணும், கைமாறி வந்த வரலாறும்தான் அங்கே பேசும். டாலியின் உதட்டுப் புரோச்சுக்கு நகல்கள் ஏராளம், வெறும் ஒற்றுமையை நம்ப வேண்டாம்.

எப்படிச் சுத்தம் செய்வது?

குறைவாக. பழைய பித்தளையின் கருமையை மெருகுப் பசையால் எடுத்தால் சுத்தியல் தழும்பின் நிழலும் போய்விடும், திரும்ப வராது. மென்துணியால் துடைத்தால் போதும். முத்து, ஓப்பல், எனாமல் உள்ள நகையை மீயொலித் தொட்டியில் போடாதீர்கள். எனாமல் கண்ணாடி, ஒரு மூலையில் விரிசல் இருந்தாலும் அதிர்வில் பெயர்ந்துவிடும்.

பிடித்த நகையை வேறு உலோகத்தில் நகல் எடுக்கலாமா?

ஓவியர் ஜார்ஜியா ஓகீஃப் எடுத்தார். கால்டர் அவருக்காகப் பித்தளையில் அவருடைய முதலெழுத்துகளைச் சுருட்டிப் புரோச் செய்து தந்திருந்தார். தலை நரைத்த பிறகு மஞ்சள் உலோகம் எடுபடவில்லை. இந்தியப் பயணத்தின்போது ஒரு கைவினைஞரிடம் அதே வடிவை வெள்ளியில் செய்யச் சொல்லி, அதையே அணிந்தார்.

இன்று செய்வதானால் சட்டத்தைப் பார்க்க வேண்டும். பல நாடுகளில் கலைஞர் இறந்த பின் 70 ஆண்டு உரிமை உண்டு, அங்கெல்லாம் கால்டரின் வடிவங்களுக்கு 2046 முடியும்வரை காப்பு. ஒரே நகலை அணிவதற்கும் நாட்டுக்கு நாடு விதி மாறும், காப்பு உள்ளவரை அனுமதியின்றி விற்கக் கூடாது. செய்முறையில் கவனிக்க ஒன்று: பித்தளைக் கம்பியின் கனத்தையே வெள்ளியில் வைத்தால் எடை ஐந்தில் ஒரு பங்கு கூடும், துணி தொங்கும். கம்பியைச் சற்று மெலிதாக்கி, தட்டும்போது அகலத்தை மட்டும் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். வெள்ளி பித்தளையைவிட மெத்தென்றது என்பதால் ஊசியை மட்டும் காய்ச்சாமல், இழுத்து இறுகிய கம்பியிலேயே செய்யுங்கள். காய்ச்சிய வெள்ளி ஊசி நாலு முறை குத்துவதற்குள் வளைந்துவிடும்.